பேருந்தில் முகம் பார்த்து இறக்கியவர்கள் பதில் சொல்லட்டும்: படவேட்டிலிருந்து ஒரு கண்டன அறிக்கை

2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில், ஆந்திர மாநிலம் அன்றைய சித்தூர் மாவட்டம் சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை. இறந்தவர்களில் பாதிக்கு மேல் திருவண்ணாமலை மாவட்டத்தார். படவேட்டைச் சுற்றியுள்ள வேட்டகிரிபாளையம், முருகாபாடி, காந்திநகர், காளசமுத்திரம் போன்ற ஊர்களுக்கும், மேலே ஜவ்வாது மலைக்கும், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்கும் பிணங்கள் வந்து சேர்ந்தன. பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கொலைகளுக்காக ஒரு காவலர்கூட இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

இந்த வட்டாரத்துக் கூலித் தொழிலாளர்களும் மலைவாழ் மக்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம் அந்தக் கொலைகளையும், அவற்றை மூடி மறைக்க நடந்த முயற்சிகளையும், இரு மாநில அரசுகளும் காட்டிவரும் மௌனத்தையும் வன்மையாகக் கண்டிக்கிறது. துப்பாக்கி வெடிக்கும் முன்பே காவல் துறையின் மனத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. தமிழ் பேசுகிற, கை காய்த்துப்போன, அழுக்கு லுங்கி கட்டிய மலைக்காட்டு ஆள் திருப்பதிப் பக்கம் போனால் அவன் திருடன்தான் என்ற தீர்ப்பு அது. அதையும் சேர்த்தே கண்டிக்கிறோம். அந்த எண்ணம் அப்படியே இருக்கும்வரை இன்னொரு ஏப்ரல் 7 நடக்காது என்று எங்கள் பிள்ளைகளுக்கு எங்களால் உறுதி சொல்ல முடியாது.

அன்று காவல் துறை சொன்ன கதை எளிமையானது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காட்டில் செம்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள், சரணடையச் சொன்னபோது கல்லாலும் அரிவாளாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். பிணங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் கிடந்தன, ஓரிடத்தில் ஒன்பது, இன்னோரிடத்தில் பதினொன்று. இருட்டுக் காட்டில் நூறு பேர் கலைந்து ஓடும்போது நடந்த துப்பாக்கிச் சூடு என்றால் காலில் குண்டு பட்டவர் எங்கே? தோளில் பட்டுப் பிழைத்தவர் எங்கே? காயத்தோடு உயிருடன் பிடிபட்டவர் எங்கே? பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய பெயின்ட் அடையாளம் இருந்தது எப்படி என்று அங்கே போன பத்திரிகையாளர்களும் உண்மையறியும் குழுவினரும் கேட்டார்கள். உடல்களில் தீக்காயம் போன்ற தழும்புகள் இருந்தது ஏன் என்றும், குண்டுகள் மிக அருகிலிருந்து பாய்ந்திருப்பது ஏன் என்றும் கேட்டார்கள். நம்பத்தகுந்த பதில் இன்றுவரை வரவில்லை.

கொல்லப்பட்டவர்களோடு அதே பயணத்தில் இருந்து உயிர் தப்பியவர்கள் மூன்று பேர். மதுரை மக்கள் கண்காணிப்பகத்தின் உதவியோடு அவர்கள் தில்லி சென்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நின்றார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து மனிதர். ஆந்திர எல்லைக்குள் நகரி, புத்தூர் பக்கம் பேருந்தை மறித்து ஏறிய காவலர்கள் உடன் வந்தவர்களை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று அவர் சொன்னார். அவரை மட்டும் ஏன் விட்டார்கள்? இருக்கை கிடைக்காமல் கூட்டத்திலிருந்து விலகி ஒரு பெண்ணின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் கணவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே இறக்கப்பட்டவர்களை மறுநாள் அவர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார், பிணங்களாக.

காவல் துறையில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த ஒரு வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பேருந்தில் யார் கையிலும் கோடரி இல்லை, கட்டையும் இல்லை. யார் பெயரிலும் பிடிவாரண்டு இருந்ததாகச் சொல்லப்படவில்லை. ஏறிய காவலர்கள் பார்த்தது முகத்தை, உடையை, பேச்சை, ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்ததை. ஒரு பெண்ணின் அருகில் உட்கார்ந்தவன் குடும்பஸ்தனாகிவிட்டான், நண்பனின் அருகில் உட்கார்ந்தவன் கடத்தல்காரனாகிவிட்டான். உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஒரு பேருந்து இருக்கைதான் இருந்தது. சாட்சியத்தின் மேல் கட்டப்பட வேண்டிய காவல் பணி கண்ணில் பட்டதன் மேல் கட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எந்தப் பயிற்சிக் கல்லூரிப் பாடத்திலும் இருக்காது.

பேருந்திலிருந்து இறக்கப்பட்ட நொடியிலிருந்து அவர்கள் போலீஸ் காவலில் இருந்தவர்கள். அந்தச் சாட்சி சொன்னது உண்மையானால், காட்டில் நடந்தது காவல் மரணம். இதையும் சட்டம் அறிந்த அதிகாரிகளுக்கு நினைவூட்டுகிறோம்.

அடுத்து நடந்தவற்றைப் பலர் மறந்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறோம். இறந்தவர்களில் ஒருவரின் மனைவி, எங்கள் படவேட்டுப் பக்கத்து இளம்பெண், கணவரின் உடலை எரிக்க மறுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறினார். பிறகு ஐதராபாத் உயர் நீதிமன்றத்துக்கும் வழக்குப் போனது. ஆறு பேரின் உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டு மறு உடற்கூறாய்வு செய்யப்பட்டன. அவர் கொடுத்த புகாரின் பேரில்தான் சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை, ஆள் கடத்தல் பிரிவுகளில் வழக்குப் பதிவானது. உறவினர்களும் ஊராரும் துணை நின்றார்கள். ஆனாலும் முதல் அடியை எடுத்து வைத்தவர் அவர். எழுத்தறிவும் பணமும் செல்வாக்கும் உள்ள பலர் செய்யத் துணியாததை அவர் செய்தார். இந்தச் சங்கம் அவரைத் தலைவணங்கி நினைவுகூர்கிறது.

அதே ஆண்டு மே மாதக் கடைசியில் தேசிய மனித உரிமை ஆணையம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்துக்கும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றம் போய் அதற்குத் தடை வாங்கியது. தன் காவல் துறை அதிகாரியின் தலைமையிலேயே ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்துக்கொண்டது. சுட்ட துறையே சுட்டதை விசாரிப்பதற்குப் பெயர் விசாரணையா? 2014 செப்டம்பரில், அதாவது இந்தக் கொலைகளுக்கு ஏழு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும், சம்பந்தமில்லாத வேறு குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட ஆயுதங்கள் தடயவியல் சோதனைக்குப் போக வேண்டும், விசாரணை முடியும் முன் பதவி உயர்வோ விருதோ கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒரு விதவை நீதிமன்றத்துக்கு ஓடி ஓடித்தான் அவற்றில் முதலாவதைப் பெற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் சொந்த மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2015-இல் கோபத்தில் சிலர் தமிழ்நாட்டில் ஆந்திரப் பேருந்துகள் மீது கல்லெறிந்தார்கள், தெலுங்கர் கடைகள் முன் கூச்சலிட்டார்கள். அதை அன்றும் நாங்கள் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டி பிடித்து வந்து பொங்கல் வைக்கிறார்கள். அம்மன் அவர்களுக்கும் குலதெய்வம். வேலூர், ஆரணிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். சுட்டவர்களின் மொழியைக் காட்டி அந்த மொழிக்காரர்கள் எல்லோரையும் வெறுத்தால், பேருந்தில் ஏறிய அந்தக் காவலர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம்.

2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் ஆந்திர வனத்துறை அதிகாரிகள் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். அந்தக் கொலையையும் கண்டிக்கிறோம். அதைச் செய்தவர்களைக் கண்டுபிடித்துத் தண்டித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைக் கொத்தாக, நூற்றுக்கணக்கில் பிடித்து ஆந்திரச் சிறைகளில் அடைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்த அவர்களைத் திருப்பதி நீதிமன்றம் கடைசியில் விடுதலை செய்தது. குற்றவாளியைத் தேடாமல் ஒரு கூட்டத்தையே பிடித்ததால், இறந்த அந்த அதிகாரிகளின் குடும்பங்களுக்கும் நீதி கிடைக்கவில்லை. தப்பெண்ணத்தால் நடக்கும் காவல் பணி பாதிக்கப்பட்டவர்களையும் ஏமாற்றுகிறது என்பதை ஆந்திரக் காவல் துறை நண்பர்கள் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் காவல் துறையும் வனத்துறையும் இதில் கை சுத்தமானவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சித்தேரி மலையடிவாரத்தில், அரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கே வாழ்பவர்களும் எங்கள் மலையாளிப் பழங்குடி மக்களே. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் கூட்டமாக அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தையும் ஆடு மாடுகளையும் சூறையாடினார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாதபடி அசுத்தம் செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிறைக்கு அனுப்பினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அங்கே நுழைந்தவர்கள் பேசியது தமிழ். நுழைந்ததற்குச் சொன்ன காரணம் மட்டும் பழையதுதான்: இவர்கள் கடத்தல்காரர்கள்.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் விடாமல் போராடியதால் அந்த வழக்கு உயிரோடு இருந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். தீர்ப்புச் சொல்லும் முன் அவரே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் வந்தது. சேஷாசலம் வழக்கையும் நாங்கள் கைவிடப் போவதில்லை என்று சொல்லும் தெம்பு வாச்சாத்திப் பெண்கள் தந்ததுதான்.

சந்தனமரமானாலும் செம்மரமானாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் அடி வாங்குகிறது. செம்மரம் கடப்பா, சித்தூர், நெல்லூர் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகப் பெரிதாக வளராத மரம். 1995 முதல் அதன் வணிகம் உலக அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சீனத்துக்கும் ஜப்பானுக்கும் கப்பல் ஏறும் அந்தக் கட்டையின் விலை வேறு, மரத்தை வெட்டித் தோளில் சுமந்து இறக்குகிறவனின் கூலி வேறு. சாமைக் கொல்லையில் மழை பொய்த்த வருஷம், கடன்காரன் வாசலில் நிற்கிற மாதம், ஏஜென்ட் முன்பணத்தோடு மலைக்கு வருகிறான். கட்டட வேலை என்பான், பெயின்ட் வேலை என்பான், சில சமயம் உண்மையையே சொல்வான். தெரிந்தே போகிறவர்களும் உண்டு, அதை நாங்கள் மறைக்கவில்லை. மரம் வெட்டுவது குற்றம், அதற்கு வழக்கும் சிறையும் உண்டு. சட்டப்புத்தகத்தில் அதற்கு மரண தண்டனை இல்லை. துறைமுகம் வரை கட்டையைக் கொண்டுபோகிற முதலாளிகளில் எத்தனை பேர் காட்டில் சுடப்பட்டார்கள்?

2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் மலையில் விளக்கேற்றினார்கள். தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நீதிமன்றத் தடையால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. சொந்தக் காட்டில் உரிமை இல்லாதவன் அடுத்தவன் காட்டில் கூலிக்குப் போனான்.

வெறுப்புக் குற்றம் என்ற தலைப்பில் இந்தியா முழுமைக்குமான தனிச் சட்டம் கிடையாது. 2014-இல் தில்லியில் அருணாசலத்து மாணவர் நிடோ தானியா அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, முகத்தையும் இனத்தையும் வைத்து இழிவு செய்வதைக் குற்றமாக்க வேண்டும் என்று பெஸ்பருவா குழு பரிந்துரைத்தது. அப்படியொரு சட்டம் இன்னும் வரவில்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே கேடயம் 1989-ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்தக் கேடயம் எல்லையைத் தாண்டினால் ஓட்டையாகிவிடுகிறது. கொல்லப்பட்டவர்களில் பலர் மலையாளிப் பழங்குடியினர், மற்றவர்கள் மலையடிவாரத்து ஏழைக் குடும்பத்தினர். மலையாளிகள் தமிழ்நாட்டுப் பட்டியலில் பழங்குடியினர், அதுவும் குறிப்பிட்ட பழைய மாவட்டங்களில் மட்டும். ஆந்திரப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அப்படியென்றால் ஜமுனாமரத்தூரில் பழங்குடியாக இருக்கிற ஒருவர் நகரி செக்போஸ்டைத் தாண்டியதும் யாராக மாறுகிறார்? இட ஒதுக்கீட்டுக்கு அந்தந்த மாநிலப் பட்டியல் என்பது புரிகிறது. உயிருக்கும் மானத்துக்குமான பாதுகாப்புக்கும் அதே எல்லைக்கோடா?

2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு இதே கேள்விக்குப் பதில் சொன்னது: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது, நாட்டின் எந்தப் பகுதிக்குப் போனாலும் அது அவரோடு வரும். பிழைப்புக்காகக் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும், குடகுக் காப்பித் தோட்டத்துக்கும், பெங்களூருக் கட்டட வேலைக்கும் போய் வருகிற எங்கள் மக்களுக்கு இதைவிட முக்கியமான தீர்ப்பு சமீப காலத்தில் வந்ததில்லை. எல்லா மாநிலக் காவல் நிலையங்களுக்கும் பொருந்தும்படி நாடாளுமன்றம் இதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

மொழி இன்னொரு சுவர். ஆந்திரச் சிறைகளிலிருந்து திரும்பிய எங்கள் ஆட்கள் சொல்வது ஒன்றுபோல இருக்கிறது: தெலுங்கில் எழுதிய தாளில் கையெழுத்து, கைரேகை, என்ன வழக்கு என்று வக்கீல் வந்த பிறகுதான் தெரியும், நீதிமன்றத்தில் பேசப்பட்டது எதுவும் புரியாது. கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சித்தூர், திருப்பதி, கடப்பா காவல் நிலையங்களில் தமிழில் அச்சடித்த படிவம் இருக்கிறதா? வேலூர், திருவண்ணாமலை காவல் நிலையங்களில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்கு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கிறதா? இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். இன்று எங்கள் பக்கத்துச் செங்கல் சூளையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற வடமாநிலத்துப் பையனைப் பார்த்து "திருடனாத்தான் இருப்பான்" என்று சொல்கிற வாய்கள் நம் ஊரிலும் இருக்கின்றன. அப்படிச் சொல்கிறவர் காக்கிச் சட்டை போட்டிருந்தால் அது ஆபத்தாகிவிடுகிறது.

2019-இல் காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. முஸ்லிம்கள் இயல்பாகவே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்று இரண்டில் ஒரு காவலர் கருதுவது அதில் தெரிந்தது. இயல்பாகவே குற்றவாளி என்ற இந்த எண்ணத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் 1952-இல் ஒழிந்தது. காவல் நிலையத்துப் பதிவேட்டிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் அது ஒழியவில்லை. எது திருடு போனாலும் முதலில் குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடிசைக்கும் ஜீப் போகிறது. 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குறவர் குடும்பத்தினரைச் சித்தூர்க் காவல் துறை பிடித்துப்போய்ப் பெண்கள் உட்படச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. 2024-இல் மட்டும் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இதைத் தொட்டது. மே மாதத்தில், ரவுடிப் பட்டியலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெயரை இயந்திரத்தனமாக ஏற்றக் கூடாது என்றது. அக்டோபரில், சிறையில் சாதிப் பாகுபாட்டை ஒழித்ததோடு, சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்றும் காவல் துறைக்குச் சொன்னது.

எங்கள் படவேட்டுப் பெண்ணைப் போலவே பிரிட்டனிலும் ஒரு குடும்பம் காவல் துறையின் தப்பெண்ணத்துக்கு எதிராக நின்றது. 1993 ஏப்ரலில் லண்டன் எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இனவெறிக் கும்பல் குத்திக் கொன்றது. காவல் துறை ஆரம்பத்திலிருந்தே விசாரணையைப் பாழாக்கியது. உயிர் தப்பிய நண்பனைப் பாதிக்கப்பட்டவனாகக்கூட நடத்தவில்லை. பெற்றோர் விடவில்லை. 1999-இல் மக்பர்சன் ஆணையம், தனி அதிகாரிகளின் கெட்ட குணம் என்று சொல்லித் தப்பிக்காமல், லண்டன் காவல் துறை நிறுவனமாகவே இனப் பாகுபாட்டில் ஊறியிருக்கிறது என்று எழுதியது. 70 பரிந்துரைகள் தந்தது. அவற்றில் ஒன்று எங்களுக்கு மிக வேண்டியது: ஒரு சம்பவம் இனவெறியால் நடந்தது என்று பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ கருதினால், காவல் துறை அதை அப்படியே பதிவு செய்து அந்தக் கோணத்தில் விசாரித்தாக வேண்டும். முடிவு பிறகு வரட்டும். கொலைகாரர்களில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது 2012-இல். அங்கும் காத்திருப்பு நீளம்தான். ஆனால் அந்த அரசு தன் காவல் துறையின் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடித்தது. இங்கே அந்தக் கண்ணாடியை எடுத்தவர் யார்?

சேஷாசலத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. 2016 ஆகஸ்டில் ரேணிகுண்டாவில் ரயிலில் வந்த தமிழர்கள் 32 பேர் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று பிடிக்கப்பட்டார்கள். திருப்பதிக்குச் சாமி கும்பிடப் போனவர்கள் என்று வீட்டார் கதறினார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் மாவட்டத்து மலைக் கிராமத்தார் ஐவர் பிணமாக மிதந்தார்கள். இன்றும் எங்கள் இளைஞர்கள் திருப்பதிப் பேருந்தில் ஏறும்போது தாய்மார்கள் ஆதார் அட்டை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அனுப்புகிறார்கள். போகிற இடத்தில் அந்த அட்டையில் இருக்கும் ஊர்ப் பெயரே வினையாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் "செம்மரம் வெட்டுற ஊரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதையும் பார்க்கிறோம். பத்திரிகை, தொலைக்காட்சி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: வழக்கு நிரூபணமாகும் முன் எங்கள் ஆட்களைக் கடத்தல்காரர்கள் என்று தலைப்பில் போடாதீர்கள். காவல் துறையின் செய்திக்குறிப்பு உங்கள் தலைப்பாகும்போது துப்பாக்கிக்கு அதுவே நியாயமாகிவிடுகிறது.

ஆகவே இந்தச் சங்கம் வலியுறுத்துகிறது: ஆந்திர அரசு தன் எதிர்ப்பைக் கைவிட்டு, தேசிய மனித உரிமை ஆணையம் 2015-இல் பரிந்துரைத்த மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு வழிவிட வேண்டும். அந்த விசாரணை உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில், இரு மாநிலங்களுக்கும் வெளியே உள்ள அதிகாரிகளைக் கொண்டு, காலக்கெடுவோடு நடக்க வேண்டும். சாட்சிகளுக்கு இப்போதாவது முறையான பாதுகாப்பு வேண்டும், அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. பழங்குடியினராக இருந்த ஒவ்வொருவர் விஷயத்திலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளைச் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு அன்று குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. அது போதாது. இந்த வழக்கில் குடும்பங்களுக்காக மூத்த வழக்கறிஞரை நியமித்து அரசே நேரடியாக நிற்க வேண்டும். ஆந்திரச் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக இருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பட்டியலை வாங்கி வெளியிட்டு, தமிழ் தெரிந்த சட்ட உதவியை அனுப்ப வேண்டும். ஜவ்வாது மலையில் நிலுவையில் உள்ள வன உரிமைப் பட்டாக்களைக் கிராம சபை வழியாக முடித்துத் தர வேண்டும். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிற ஏஜென்டுகள் யார் என்று ஊருக்கே தெரியும், காவல் துறைக்கும் தெரியும். அவர்கள் மேல் கை வைக்க வேண்டும்.

இரு மாநிலக் காவலர் பயிற்சியிலும் சேஷாசலமும் வாச்சாத்தியும் பாடமாக வேண்டும். பவர்பாயின்ட் படம் காட்டி ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வகுப்பை நாங்கள் கேட்கவில்லை. வாச்சாத்திப் பெண்களையும் எங்கள் ஊர் விதவைகளையும் பயிற்சிக் கல்லூரிக்கு அழையுங்கள். புதிதாகச் சேர்ந்த காவலர்கள் எதிரில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கட்டும். மலைக்குப் பணிக்கு வருகிற உதவி ஆய்வாளர் முதல் மாதத்தில் கைது எண்ணிக்கை காட்டுவதற்குப் பதிலாக ஊர் ஊராகப் போய் நாட்டார்களையும் மகளிர் குழுவினரையும் சந்திக்கட்டும். ஒருவரை அவருடைய சாதி, பழங்குடி, மொழி, ஊர் ஆகியவற்றுக்காக நிறுத்திச் சோதித்தார்கள் என்று புகார் வந்தால், புகார்தாரர் சொன்ன காரணத்தையே முதல் வரியாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை இரு மாநிலக் காவல் தலைமை இயக்குநர்களும் சுற்றறிக்கையாக வெளியிட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியர் வழியாக இரு மாநில முதலமைச்சர்களுக்கும், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும், தேசியப் பழங்குடியினர் ஆணையத்துக்கும் அனுப்புகிறோம். ஏப்ரல் 7 அன்று காலையில் போளூரில் நடக்கும் கண்டன ஆர்ப்பாட்டத்தில் வட்டாரத்து மக்கள் அனைவரும் கலந்துகொள்ள வேண்டும். கட்சி, சாதி, மொழி பார்க்க வேண்டாம். தெலுங்கில் எழுதிய பதாகைகளும் இருக்கும், எழுதத் தெரிந்தவர்கள் முன்கூட்டியே வந்து உதவுங்கள்.

இப்படிக்கு,
சங்கச் செயற்குழுவினர்,
படவேடு, திருவண்ணாமலை மாவட்டம்.